ஈ.கோலை இருக்கிறது, நைட்ரேட் 62: பிளீச்சிங் பவுடரைக் கூட்டினால் போதுமா?

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். எங்கள் குக்கிராமத்துக்கு ஒரே போர்வெல், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. கடைசித் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரில் ஈ.கோலை இருப்பதாகவும் நைட்ரேட் 62 என்றும் ஆய்வறிக்கை வந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் டேங்க் ஆபரேட்டர். ஜனங்களோ இப்போதே வாடை தாங்கவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அறிக்கையில் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. ஈ.கோலை என்பது மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமி, அதற்கு பிளீச்சிங் பவுடர் வேலை செய்யும். நைட்ரேட் தண்ணீரில் கரைந்த உப்பு, அதை பவுடர் தொடக்கூடத் தொடாது. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். அதனால் இன்றைக்கே ஒரு வேலை: ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். அந்த வயதில் நைட்ரேட் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுத்து உடம்பை நீலம் பாரிக்க வைக்கும். மற்றவர்கள், கிருமிப் பிரச்சினை தீரும்வரை காய்ச்சிக் குடிக்கட்டும்.

சரி, கிருமிக்கு வருவோம். 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கு. உங்கள் தொட்டிக்கு 120 கிராம். ஆனால் மூட்டையைப் பிரித்து மாதக்கணக்கில் ஈரம்பட வைத்திருந்தால் அதில் 33 சதவீதம் இருக்காது, பாதி சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டி நிறைந்துகொண்டிருக்கும்போது ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். வாடை அடிக்கிறது என்பதால் குளோரின் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் குறைந்த குளோரினே அதோடு சேர்ந்து நாறும்.

இப்போது முக்கியமான சோதனை. தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை அளக்கும் குளோராஸ்கோப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு தடவை, கடைசிக் குழாயில் ஒரு தடவை பாருங்கள். கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிஞ்ச வேண்டும். முதல் குழாயில் 0.5 வந்து கடைசியில் பூஜ்யம் என்றால் நடுவழியில் ஏதோ அழுக்கு குளோரினைத் தின்கிறது, பவுடரைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு ஊரில் குற்றவாளி போர்வெல் இல்லை, குழாய்ப் பாதைதான். நம் ஊர்களில் 24 மணி நேரமும் தண்ணீர் விடுவதில்லை. விட்டு நிறுத்தியதும் குழாய் காலியாகி, பக்கத்துச் சாக்கடைத் தண்ணீரைக் கசிவு வழியாக உள்ளே இழுக்கும். போதாததற்கு, தண்ணீர் ஏறவில்லை என்று வாசலில் குழி தோண்டிக் குழாயை இறக்கி வைப்பார்கள், மழை பெய்தால் குழாய் வாயே முங்கிவிடும். இன்னும் சிலர் இணைப்பிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள், அது பக்கத்து வீட்டுத் தண்ணீரோடு சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். இதைச் சொன்னால் ஓட்டு போய்விடும் என்று யாரும் வாய் திறப்பதில்லை, உங்கள் சங்கடம் புரிகிறது, ஆனாலும் அந்த மோட்டார்களைக் கழற்றாமல் கடைசித் தெரு சுத்தமாகாது.

தொட்டியைப் பொறுத்தவரை 15 நாளுக்கு ஒருமுறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதச் சொல்லுங்கள். மூடி, பூட்டு, நிரம்பி வழியும் குழாய்க்கு வலை, இவை மூன்றும் இருக்கிறதா என்று நீங்களே ஏணியில் ஏறிப் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதற்குப் பிறகும் பூட்டில்லாத தொட்டிகளைப் பார்க்கத்தான் செய்கிறேன்.

நைட்ரேட் இன்னும் பிடிவாதமானது. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் பல அளவுகளுக்கு இரண்டு எண் இருக்கும், ஃப்ளோரைடுக்கு 1.0, வேறு வழியே இல்லையென்றால் 1.5 என்பது போல. நைட்ரேட்டுக்கு ஒரே எண்தான், லிட்டருக்கு 45 மில்லிகிராம், தளர்வு கிடையாது. அந்த 62 நைட்ரேட்டாகக் கணக்கிட்டதா, நைட்ரஜனாகக் கணக்கிட்டதா என்று ஆய்வகத்தில் கேட்டுவிடுங்கள், நைட்ரஜன் கணக்கென்றால் நிலைமை நாலு மடங்குக்கு மேல் மோசம். போர்வெல்லைச் சுற்றி நடந்து பாருங்கள். அடியில் சிமென்ட் போடாத செப்டிக் டேங்க், எருக்குழி, மாட்டுக் கொட்டகை, யூரியா கொட்டும் வயல், ஏதாவது ஒன்று கண்ணில் படும். ஆனால் அதை அகற்றினாலும் மண்ணில் இறங்கியது வடிய வருஷங்கள் ஆகும். உடனடி வழி கலப்புதான். கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தோ வேறு கிணற்றிலிருந்தோ நைட்ரேட் 10 உள்ள தண்ணீர் கிடைத்து, தொட்டியில் பாதிக்குப் பாதி கலந்தால் 36க்கு இறங்கிவிடும். அதுவும் இல்லையென்றால் குடிக்க மட்டும் ஊராட்சி ஆர்ஓ, அதில் ஒதுக்கும் கழிவு நீரை மறுபடி போர்வெல் ஓரமாகவே விடாமல்.

எல்லாம் செய்தபின் மறு மாதிரி எடுங்கள், போர்வெல் வாயில் ஒன்று, போன தடவை பிடித்த அதே கடைசிக் குழாயில் ஒன்று. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும், சோடா பாட்டில் ஆகாது. அதற்குள் குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும், அதனால் அலசிவிடாதீர்கள். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வருகிற முடிவு எதுவானாலும் அடுத்த கிராம சபையில் எண்களோடு வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். புது பைப்லைனுக்குப் பணம் கேட்டுப் போகும்போது அந்தப் பக்கத்தின் நகலைத்தான் முதலில் கேட்பார்கள்.