பசியில்லை என்ற கணவர்

அன்புள்ள ஆலோசகருக்கு,

கடந்த மாதம் எனக்கு 50 வயது நிறைந்தது. வீட்டில் எல்லாருடைய பிறந்தநாளையும் நினைவு வைத்துக் கொண்டாடுபவள் நான் என்பதால், இந்த ஒரு நாளையாவது என் விருப்பப்படி கழிக்க எண்ணி, உயர்தரமான ஓர் இத்தாலிய உணவகத்தில் குடும்பத்தினர் அனைவருக்கும் முன்பதிவு செய்தேன். "வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே" என்று கணவர் இரண்டு முறை சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. என் ஆசைகளுக்கு அவரிடமிருந்து எப்போதும் வரும் பதில்தான் அது.

அன்று மாலை யாருமே எனக்காக மகிழவில்லை. பாஸ்தா வேகவில்லை என்று மாமியார் தட்டை ஒதுக்கினார். ரிசோட்டோ என்ற அரிசி உணவு வரத் தாமதமானதும் மகன் கைப்பேசியில் மூழ்கினான். கணவரோ காய்கறி சூப் மட்டும் வாங்கிக்கொண்டு, பசியில்லை என்று கூறி, மற்றவர்கள் மீனும் இறைச்சியும் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா அமர்ந்திருந்தார். என் தம்பியும் அவன் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, இதைவிட ஒருவர் என்னை எப்படி அவமதிக்க முடியும்? திரமிசு என்ற இனிப்பில் ஒரு கரண்டியாவது எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார். பணம் செலுத்தும்போதுகூட ஓர் அட்டை ஏற்கப்படாமல், தொகையை வேறு இரண்டு அட்டைகளில் பிரித்துக் கொடுத்து எல்லாரையும் காக்க வைத்தார். அண்மைக்காலமாக வங்கிக் கடிதங்களை அவர் தம் பையிலேயே வைத்துக்கொள்வதால் எந்தக் கணக்கும் ஒழுங்காக இருப்பதில்லை, அது வேறு கதை. மகன் எனக்கு வாழ்த்துச் சொன்னதுகூடக் கைப்பேசியைப் பார்த்தபடிதான். இத்தனை ஆண்டுகள் உழைத்த எனக்கு இந்தக் குடும்பத்தில் மதிப்பே இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசையோடு ஏற்பாடு செய்த நாள் இப்படிக் கழிந்ததில் உங்களுக்கு ஏற்பட்ட வருத்தம் நியாயமானது. ஆயினும் உங்கள் மனக்குறைகள் எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதப்போவதில்லை. பல்லில் சற்று உறுதியாகப் படும் பதத்தில் பாஸ்தாவை இறக்குவது இத்தாலியர் வழக்கம். சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றி அரிசியைக் கிளறும் ரிசோட்டோவுக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். மாமியாரின் முகச்சுளிப்பையும் மகனின் சலிப்பையும் வைத்து உங்கள் மதிப்பை அளக்க வேண்டியதில்லை.

"அது வேறு கதை" என்று நீங்கள் ஒதுக்கியதைத்தான் நான் பேச விரும்புகிறேன். முன்னுணவு, பிறகு பாஸ்தாவோ ரிசோட்டோவோ சூப்போ, அதன்பின் மீன் அல்லது இறைச்சி, இறுதியில் இனிப்பு என்று அத்தகைய உணவகங்களில் ஒவ்வொரு சுற்றாகவே பரிமாறுவார்கள் என்பதால், ஒரு சுற்றைத் தவிர்ப்பவர் எல்லார் கண்ணிலும் படும்படி வெறுமனே உட்கார்ந்திருக்க நேரிடும். உங்கள் தம்பியின் எதிரில் உங்களுக்கு இருந்த கூச்சம் உங்கள் கணவருக்கு இல்லாமலா இருந்திருக்கும்? அப்படியிருந்தும் தம் பங்கை மட்டும் குறைத்துக்கொண்டாரே தவிர, வேறு எவரையும் அவர் குறைத்துச் சாப்பிடச் சொல்லவில்லை.

அவருக்கு உடல்நலம் சரியில்லாமலும் இருந்திருக்கலாம். நீங்கள் எழுதிய ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அவருக்குக் கடன் இருக்கிறது என்று நான் முடிவு கட்ட முடியாது. ஆனால் வீட்டிலேயே கொண்டாடலாம் என்ற யோசனை, ஏற்கப்படாத அட்டை, பையில் தங்கிவிடும் வங்கிக் கடிதங்கள் ஆகிய மூன்றையும் எழுதியவர் நீங்களே. இவற்றின் பொருள் உங்களுக்குப் புரியவில்லை என்று நான் நம்பவில்லை. அச்சத்தைவிடக் கோபம் தாங்குவதற்கு எளிது என்பதாலும், கணவர் மதிக்கவில்லை என்ற கோபம் உங்களுக்குப் பழகியது என்பதாலும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பணச் சிக்கலை அவர் மறைத்திருந்தால் அது தவறுதான். எனினும், செலவைப் பற்றி எதைச் சொன்னாலும் மனைவியின் ஆசைக்குத் தடை என்றே கொள்ளப்படும் வீட்டில் வாய் திறப்பது எவருக்கும் கடினம்.

பிறந்தநாளைப் பற்றி இப்போது பேச வேண்டாம். பேசினால் அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பையையும் துழாவாதீர்கள். இருவரும் தனியாக இருக்கும்போது, "பணத்தில் உங்களுக்கு ஏதோ நெருக்கடி இருப்பதாகத் தோன்றுகிறது, எனக்கும் தெரிய வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். மறுத்தால் சில நாள்கள் கழித்து மீண்டும் கேளுங்கள். சொல்லிவிட்டாரானால், "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்ற கேள்வி உங்கள் நாவின் நுனிவரை வரும். அதை அங்கேயே நிறுத்துங்கள். தம்பியிடம் உதவி கேட்பதா என்பதைக் கணவர் சம்மதித்த பிறகே முடிவு செய்யுங்கள்.