நிணநீர் நாளங்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் அத்தானுக்குப் பித்தநாளப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. திசு அறிக்கையில், 'டி2-40 சாயத்தில் நிணநீர் நாள ஊடுருவல் காணப்படுகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் அவருடைய மகள், நிணநீர் நாளங்கள் பெருகியவர்களின் ஆயுள் குறைவு என்று ஓர் ஆய்வில் வாசித்துவிட்டு அழுதுகொண்டே இருக்கிறாள். நாள அடர்த்தியையும் 'விஇஜிஎஃப்-சி' அளவையும் பணம் கட்டிப் பரிசோதிக்கலாமா?

வாசகர், தெம்பனிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெண் வாசித்தது பொய்யல்ல. ஆனால் அது உங்கள் அத்தானின் அறிக்கையில் உள்ள வரியைப் பற்றியதும் அல்ல. புற்றுக்கட்டி சுரக்கும் விஇஜிஎஃப்-சி, விஇஜிஎஃப்-டி என்னும் புரதங்கள் நிணநீர் நாளத்தின் (திசுக்களிலிருந்து வடியும் நீரைக் கொண்டுசெல்லும் குழாயின்) சுவரிலுள்ள ஏற்பியைத் தூண்டிப் புதிய நாளங்களைக் கிளைக்கச் செய்கின்றன. டி2-40 என்பது அச்சுவரிலுள்ள போடோபிளானின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள். அதைக் கொண்டு வழக்கமான முறையில் திசுவுக்குச் சாயமேற்றினால் நிணநீர் நாளம் பழுப்பாகத் தெரியும், இரத்தநாளம் நிறமேறாமல் நிற்கும். திசு வைத்த அந்த ஒரே கண்ணாடித் தகட்டை வைத்து இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். நாளத்துக்குள் புற்றணுக்கள் நுழைந்துள்ளனவா என்பது ஒன்று. நாளங்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பது மற்றொன்று. உங்கள் அறிக்கை முதல் கேள்விக்கான விடை, அவள் வாசித்த ஆய்வோ இரண்டாவதைப் பற்றியது. நுழைவு இருப்பது நல்ல செய்தியல்ல என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நாள அடர்த்தி மிகுந்தவர்களிடம், நிணநீரை வடிகட்டும் நிணநீர்க்கணுக்களுக்குப் புற்று பரவுவது கூடுதலாகவும் ஆயுள் குறைவாகவும் இருந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, ஏற்கெனவே அறுவை செய்து சேமித்த திசுக்களைப் பின்னோக்கிப் பார்த்தவை. எந்த இடத்தில் எண்ணுவது, எத்தனைக்கு மேல் 'அதிகம்' என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. போதாக்குறைக்கு, பித்தநாளப் புற்றைச் சூழ்ந்திருக்கும் நார்த்திசு அணுக்களிலும் போடோபிளானின் தோன்றுவதுண்டு, பழுப்பெல்லாம் நாளமல்ல. எண்ணிக்கை எதுவாயினும் இன்று வழங்கும் சிகிச்சை அதனால் மாறப்போவதில்லை என்பதால், அதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை வேறு. வெட்டிய விளிம்பில் புற்று எஞ்சியிருக்கிறதா? எத்தனை கணுக்களை எடுத்துப் பார்த்தார்கள், எத்தனையில் இருந்தது? கல்லீரலுக்குள் எழும் வகைக்குக் குறைந்தது 6 கணுக்களையாவது ஆராய வேண்டும் என்பது பரிந்துரை. இரண்டே கணுக்களைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்பதற்கும், எட்டைப் பார்த்துச் சொல்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அறுவைக்குப் பின் கேப்சிடபைன் என்னும் வேதிச்சிகிச்சை மாத்திரை பொருந்துமா என்பதையும் கேளுங்கள்.

பணம் செலவிடுவதானால், மரபணுப் பரிசோதனை பற்றி விசாரிக்கலாம். குறிப்பாகக் கல்லீரலுக்குள் எழும் வகையில் எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஎச்1 என்னும் மரபணுக்களில் மாற்றங்கள் சிலரிடம் காணப்படுகின்றன. நோய் திரும்பினாலோ பரவினாலோ அவற்றைக் குறிவைக்கும் மருந்துகள் உள்ளன. இத்துறையில் நம் சிங்கப்பூருக்கும் பங்குண்டு: தாய்லாந்தில் கல்லீரல் புழுவால் வரும் இப்புற்றின் மரபணுக்களை நம் தேசியப் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் அந்நாட்டினருடன் சேர்ந்து 2012இல் வாசித்தனர், 2017இல் 10 நாடுகளின் 489 கட்டிகளை நான்கு பிரிவுகளாக வகுத்த ஆய்விலும் பங்கேற்றனர். கட்டி எழுந்த இடம் கல்லீரலுக்குள்ளா வெளியிலா என்பதை உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. அடுத்த சந்திப்பில் அதையே முதலில் கேளுங்கள்.