ஆட்டைப் பிரிக்கலாம், கிடாவை மாற்றுங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா ஊர் ஊராக மந்தை ஓட்டி வரும் ஒரு கீதாரியிடம் வாங்கிய செம்மறிகளிலிருந்து பெருகியது எங்கள் பட்டி. இப்போது 70 பெட்டை, 3 கிடா. கிடாக்கள் எல்லாமே எங்கள் பட்டியில் பிறந்தவைதான். சில வருடமாகக் குட்டி சிறுத்துப் பிறக்கிறது. மழைக்காலத்தில் நிறையச் செத்தும் போகிறது. ஊட்டியிலிருந்து மலை ஆட்டுக் கிடா வாங்கி விட்டால் சரியாகுமா? இதற்கு நடுவே அண்ணன், நான், சித்தப்பா மகன் மூவரும் ஆட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு ஓடுகிறது. அப்பாவுக்கு அதில் வருத்தம்."

ஊட்டிக் கிடா வேண்டாம். நீலகிரி ஆடு கம்பளிக்காக உருவானது. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு இனங்களின் ரத்தம் கலந்து, மலைக் குளிரில் நிலைத்த இனம். ஐப்பசி அடைமழையில் சேறும் ஈரமும் ஏறிய கம்பளியோடு அது உங்கள் வாய்க்கால் கரையில் நின்றால் ஈ மொய்க்கும், புழு வைக்கும். சித்திரை வெயிலையும் தாங்காது. அந்த மலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று எழுதி வைக்கிறார்கள். உங்கள் பட்டியில் இல்லாதது அந்த நோட்டுதான்.

குட்டி சிறுப்பதற்கு முதல் காரணம், பட்டிக்குள்ளேயே கிடா எடுத்தது. தகப்பன் கிடா மகளோடு சேர்ந்தால், பிறக்கும் குட்டிக்கு ரத்த உறவுக் கலப்பு 25 சதவீதம். இது வருடா வருடம் ஏறினால் பிறப்பு எடை குறையும், சினை பிடிப்பது குறையும், சின்ன நோய்க்கே குட்டி சாகும். தீவனத்தைக் கூட்டினாலும் இது சரியாகாது.

இங்கேதான் உங்கள் பாகப்பிரிவினை உதவிக்கு வருகிறது. நல்லது கெட்டது பார்த்து ஆளுக்கு 23 என்று எண்ணிப் பிரிக்காதீர்கள். தாய்வழியாகப் பிரியுங்கள்: ஒரு பாட்டி ஆடு, அதன் மகள்கள், பேத்திகள் எல்லாம் ஒரே பங்கில் வரட்டும். எது எதன் குட்டி என்பது அப்பா மனதில்தான் இருக்கும். அவரைப் பட்டியில் உட்கார வைத்து அவர் சொல்லச் சொல்லக் காதில் டேக் மாட்டுங்கள், பங்குக்கு ஒரு நிறம். மேய்ச்சல் எப்போதும் போல ஒன்றாகவே நடக்கட்டும். இணை சேர்க்கும் ஒன்றரை மாதம் மட்டும் மூன்று பட்டியாக அடையுங்கள். மந்தை கலையவில்லை என்று தெரிந்தால் அப்பாவின் வருத்தமும் குறையும் என்று நம்புகிறேன்.

இப்போதுள்ள மூன்று கிடாவையும் கழித்துவிட்டு, வெவ்வேறு மந்தைகளிலிருந்து மூன்று கிடா வாங்குங்கள். ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டை என்பதால் பங்குக்கு ஒன்று போதும். உங்கள் ஆட்டின் வேர் கீதாரி மந்தை, கீதாரிகள் பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் என்பதால் அந்தப் பக்கத்து ராமநாதபுரம் வெள்ளை இனமே என் தேர்வு. ஒரு கிடா இரண்டு பருவம்தான் நிற்க வேண்டும். மூன்றாவது பருவத்தில் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்து நிற்பார்கள். அப்புறம் அண்ணன் பங்கில் பிறந்த நல்ல கிடாக்குட்டி உங்கள் பங்குக்கு வரட்டும், உங்களுடையது சித்தப்பா மகனுக்கு, அவருடையது அண்ணனுக்கு. பெட்டைக்குட்டி பிறந்த பங்கிலேயே தங்கும், கிடாதான் வீடு மாறும். சில வருடத்துக்கு ஒருமுறை வெளிக் கிடா ஒன்று உள்ளே வரட்டும்.

இரண்டாவது காரணம் காலம். உளுந்து, பயறு அறுத்த வயலில் சித்திரை, வைகாசியில் ஆடு நன்றாக மேயும். உடம்பு தேறியதும் பருவத்துக்கு வரும். கிடாவும் கூடவே திரிவதால் சினையாகிவிடும். சினைக்காலம் 5 மாதம். கணக்குப் போட்டால் குட்டி விழுவது புரட்டாசி, ஐப்பசியில். வயலெல்லாம் சம்பா, மேய இடம் கிடையாது, தாய்க்குப் பால் இல்லை, மேலே மழை. குட்டி எப்படிப் பிழைக்கும்?

கோடையில் கிடாவைத் தனியே கட்டுங்கள். ஆகஸ்ட் நடுவில் விட்டு செப்டம்பர் முடிவில் பிரியுங்கள். குட்டிகள் தை, மாசியில், அறுவடையை ஒட்டி விழும். கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். விடும்போது கிடாவின் நெஞ்சில் காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். அது ஏறிய பெட்டையின் பின்முதுகில் சிவப்புக் கறை படியும். அந்தத் தேதியை நோட்டில் எழுதுங்கள். 17 நாள் கழித்து நிறத்தை மாற்றுங்கள். புது நிறமும் விழுந்த பெட்டை முதல் தடவை சினை பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஒரே பங்கில் பாதிக்கு மேல் அப்படி நின்றால், கிடாவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்தத் திட்டத்தில் ஒரு சிரமம் உண்டு. கடைசி ஆறு வாரத்தில்தான் வயிற்றுக்குட்டி வேகமாக வளரும். அது டிசம்பர், ஜனவரியில் வருகிறது, அப்போதும் சம்பா வயலில்தான் நிற்கும். வைக்கோல் மட்டும் போட்டால் போதாது. கோடையிலேயே உளுந்துக் கொடியும் கடலைக் கொடியும் போர் போட்டு மழை படாமல் மூடி வையுங்கள். கரையில் அகத்தி, சூபாபுல் மரங்கள் நட்டால் தழை கிடைக்கும்.

டெல்டாவில் தட்டைப்புழுவை மறக்கவே கூடாது. நத்தை இருக்கும் வாய்க்கால் ஓரம், நீர் வடிந்த குளக்கரைப் புல் வழியாகத்தான் அது ஏறுகிறது. கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். சிவந்திருக்க வேண்டிய சதை வெளுத்து, தாடைக்கடியில் வீக்கமும் இருந்தால் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உருண்டைப்புழு மருந்து எல்லாமே தட்டைப்புழுவுக்கும் கேட்டுவிடாது. சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகப் பிறக்கலாம். அதனால் குடற்புழு நீக்கத்தைக் கிடா விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். துள்ளுமாரி, நீலநாக்கு தடுப்பூசிகளையும் மழைக்கு முன் போட்டுவிட வேண்டும்.

கிடா வாங்கப் போகும்போது பல், குளம்பு, நடை பாருங்கள். விதை இரண்டும் ஒரே அளவில், கட்டியில்லாமல் இருக்க வேண்டும். வாங்கியதும் பட்டிக்குள் விடாமல் மூன்று வாரம் தனியே கட்டிப் புழு நீக்குங்கள். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டதா என்று விற்றவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் நீங்களே போட்டுவிடுங்கள். ஆகஸ்டில் விட வேண்டிய கிடாவை ஜூலை தொடக்கத்திலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.