ரிவரில் மடக்கிய ஜாக் ஜோடி

கேள்வி: கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் போக்கர் டோர்னமென்ட் ஆடினேன். 46 பேர் மிச்சம். 45 பேருக்குப் பரிசு. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது) 2,000–4,000, பெரியதைப் போடும் பிக் பிளைண்ட் ஆள் கூடுதலாகப் போடும் ஆன்ட்டி 4,000. நான் சொல்லப்போகும் அந்த ஆட்டம் தொடங்கும்போது என்னிடம் 1,20,000 சிப்ஸ். மூன்று மணி நேரமாக அதிகம் ஆடாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பட்டனிலிருந்து (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) 9,000 ஏற்றினார். பிக் பிளைண்டில் ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ஜாக் வைத்திருந்த நான் கால் செய்தேன், அதாவது அவர் தொகைக்குச் சமமாகப் போட்டேன். ஃப்ளாப் (எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் திறக்கும் முதல் மூன்று சீட்டு): ஆர்ட்டின் ஜாக், ஆர்ட்டின் 8, கிளாவர் 3. அவர் 10,000 போட்டார், கால். டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) இஸ்பேட் 5. அவர் 26,000, கால். ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) ஆர்ட்டின் 2. நடுவில் சேர்ந்த பாட் 96,000 ஆக இருக்க, அவர் 48,000 போட்டார். என் கையில் மிச்சம் 71,000. அவர் கை நடுங்கியதைப் பார்த்து ஃபோல்டு செய்து சீட்டை மடக்கிவிட்டேன். சிரித்துக்கொண்டே டைமண்ட் 10-9ஐத் திருப்பிக் காட்டினார், ஒரு ஜோடிகூட இல்லை! கடைசியில் 38ஆவது இடம். இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை. கால் செய்திருக்க வேண்டுமா?
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். ஃபோல்டு சரிதான். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை. பந்தயம் வைக்கும் கை நடுங்கினால் நல்ல சீட்டு என்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வயதானவர் கை காபி டம்ளரைப் பிடித்தாலும் நடுங்கும். அதை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம்.

48,000 கொடுத்து ஜெயித்தால், பாட்டின் 96,000உம் அவர் போட்ட 48,000உம் சேர்ந்து 1,44,000 கிடைக்கும். நாலு முறை கால் செய்து ஒரு முறை ஜெயித்தாலே கைக்காசு நஷ்டமில்லை. ஆக, தேவை 25 சதவீதம். இனி, அந்த மாதிரி மனிதர் அப்படி ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று மூன்று தெருவிலும் போட என்னென்ன வைத்திருப்பார்? ஆர்ட்டின் ஃபிளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) என்றால் கிங்-குயின், கிங்-10, குயின்-10, 10-9, நான்கு. ஏஸ் உங்களிடம் இருப்பதால் ஏஸோடு வரும் ஃபிளஷ் எல்லாம் அடிபட்டுப் போயிற்று. அது உங்களுக்குச் சாதகம். மூன்று எட்டு, மூன்று ஐந்து, மூன்று மூன்று என்று செட் (கையில் ஜோடி, தரையில் மூன்றாவது) ஒவ்வொன்றும் மூன்று வழியில் வரும். மூன்று ஜாக் மட்டும் ஒரே வழி, ஏனென்றால் ஒரு ஜாக் தரையில், ஒன்று உங்கள் கையில். ஆக, உங்களை அடிப்பவை 14.

புளஃப், அதாவது வெற்றுச் சீட்டோடு மிரட்டுவது? ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த ஐந்து எண்) காத்திருந்து ஏமாந்த, ஒரே ஜாதிச் சீட்டான 10-9, குயின்-10, ஆர்ட்டின் தவிர்த்துத் தலா மூன்று. மொத்தம் ஆறு. (ரிவர் என்றாலும் ஆறுதான். சிரிக்க வேண்டாம்.) இது தோராயக் கணக்கு, ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். அந்த ஆறையும் ஒன்றுவிடாமல் அவர் புளஃப் செய்தால் 20க்கு ஆறு, 30 சதவீதம், கால் செய்யலாம். பாதியைத்தான் செய்கிறார் என்றால் 17க்கு மூன்று, 18 சதவீதம்கூட இல்லை. மூன்று மணி நேரம் சும்மா இருந்தவர் ஆறில் ஐந்தையாவது புளஃப் செய்வார் என்று நம்ப உங்களுக்கு என்ன ஆதாரம் இருந்தது? அன்று காட்டியது ஒன்று. மற்ற ஐந்தை என்ன செய்வார் என்பதை அது சொல்லாது.

இதுவும் காசு மேஜைக் கணக்குதான். நீங்களோ பரிசுக்கு ஒரே ஒரு ஆள் பாக்கி என்ற பபிளில் இருந்தீர்கள். கால் செய்து தோற்றால் மிச்சம் 23,000, ஆறு பிக் பிளைண்டுகூட இல்லை. மடக்கினால் 71,000, சுமார் 18 பிக் பிளைண்டு, தாராளமாக உட்காரலாம். ஜெயித்தால் 2,15,000, அதாவது மூன்று மடங்கு சிப்ஸ். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய பரிசுப்பணம் மூன்று மடங்கு ஆகாது. இழக்கும் சிப்ஸுக்கு விலை அதிகம், சேரும் சிப்ஸுக்குக் குறைவு. அதனால் அந்த 25 அன்று 30க்கும் மேலே போயிருக்கும் என்பது என் மதிப்பீடு.

ஜெயிக்கிற சீட்டை மடக்கியதில் உங்களுக்குப் பெரிய கூட்டாளி உண்டு. 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் கடைசி இருவர் சாமி ஃபர்ஹாவும் கிறிஸ் மணிமேக்கரும். ஃபர்ஹாவிடம் இஸ்பேட் குயினும் ஆர்ட்டின் 9உம்; தரையில் 9, 2, 6, 8, 3, அதில் மூன்று இஸ்பேட். மணிமேக்கர் ரிவரில் மொத்தத்தையும் தள்ளினார். அவரிடம் இருந்தது இஸ்பேட் கிங், ஆர்ட்டின் 7. ஃபிளஷும் வரவில்லை, ஸ்ட்ரெய்ட்டும் வரவில்லை, ஒரு ஜோடிகூட இல்லை. ஃபர்ஹா யோசித்து யோசித்து மடக்கினார். பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்குப் போயின. அங்கே இரண்டே பேர், பபிள் கிடையாது, ஒரு பெரிய இஸ்பேட் வேறு ஃபர்ஹா கையிலேயே இருந்தது. அவர் கால் செய்ய உங்களைவிட அதிகக் காரணம் இருந்தது.

உங்களிடம் நான் குறை காண்பது டர்னில்தான். 26,000 போடும்போதே, ஆர்ட்டின் வந்தால் என்ன, 7 வந்தால் என்ன, வெற்றுச் சீட்டு வந்தால் என்ன என்று முடிவு செய்திருக்க வேண்டும். ரிவரில் டீலர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, 14ஐயும் ஆறையும் யாராலும் எண்ண முடியாது. அதனால்தான் பெரியவர் கையைப் பார்த்தீர்கள்.

அவர் சீட்டைக் காட்டியது சும்மா இல்லை. அடுத்த முறை நீங்கள் கால் செய்ய வேண்டும் என்றுதான் காட்டினார். அன்று அவர் கையில் மூன்று எட்டு இருக்கும்.