வாசகர் கேள்வி – பதில்: ஜப்பான் கிராமத்தில் ஒரு கோடை விடுமுறை

கேள்வி: என் மகளும் மருமகனும் ஜப்பானில், நகானோ மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வசிக்கிறார்கள். மருமகனின் தொழிற்சாலைக்கு ஆகஸ்ட் மாத நடுவில் ஒன்பது நாள் விடுமுறை. விமானக் கட்டணம் கட்டுப்படியாகாததால் இந்த ஆண்டு சேலத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். டோக்கியோ, கியோட்டோ என்று நாலு இடம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றால், "ஊரிலேயே சும்மா இருக்கப் போகிறோம் அம்மா" என்கிறாள் மகள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஊரில் விடுமுறை வீணாகிவிடாதா? நீங்கள் அங்கே வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் மகளின் முடிவு நல்ல முடிவு, அம்மா. அவளை வற்புறுத்தாதீர்கள். நானும் அதே நகானோவில் ஒரு சிற்றூரில் ஆறு கோடைகளைக் கழித்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் குடியிருப்பவள். முதல் கோடையில் என் தாயாரும் உங்களைப் போலவே கவலைப்பட்டார். அவர் மனம் நிறைய வேண்டும் என்பதற்காக ஆகஸ்ட் 12ஆம் தேதி நாங்கள் கியோட்டோவுக்குக் கிளம்பினோம். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை அந்நாட்டின் பெரும்பகுதியில் 'ஓபோன்' என்னும் மூதாதையர் வழிபாட்டு நாள்கள். நகரங்களில் பிழைப்பவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்பும் காலம். பொங்கலுக்கு முந்தைய இரவில் நம் சேலம் புதிய பேருந்து நிலையம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அங்கே ரயில் நிலையங்கள் இருந்தன. நெடுந்தூரம் நின்றுகொண்டே போனோம். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கியோட்டோவின் புழுக்கத்தில் நொந்துபோய், 17ஆம் தேதி வீடு திரும்பினோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் நின்று, "உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சமைத்திருந்தேன்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு நேர்ந்த வருத்தம் இன்றும் மாறவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளும் ஓபோன் நாள்களில் நாங்கள் ஊரைவிட்டு நகரவே இல்லை.

அந்த நாள்களில் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 13ஆம் தேதி அந்தி சாயும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிறு தீ மூட்டி, மறைந்தவர்களை வீட்டுக்கு அழைக்கிறார்கள். நகானோவில் அதற்குப் பூர்ச்ச மரத்தின் பட்டையைக் கொளுத்துவது வழக்கம். பாட்டி ஒரு வெள்ளரிக்காயில் நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகிக் குதிரை செய்வார். கத்தரிக்காயில் அதேபோல் செருகி மாடு செய்வார். முன்னோர்கள் குதிரையில் விரைந்து வர வேண்டும், திரும்பும்போது மாட்டின்மேல் மெதுவாகப் போக வேண்டும் என்பது நம்பிக்கை. எனக்கும் ஒரு கத்தரிக்காயைக் கையில் கொடுத்து, பின்னங்கால்களைச் சற்றுச் சாய்த்துக் குத்தினால்தான் நிற்கும் என்று காட்டிக்கொடுத்தார். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் காத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தத் திண்ணையில் எதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை. (ஆம், அங்கேயும் திண்ணை உண்டு, தோட்டத்தைப் பார்த்தபடி வீட்டை ஒட்டி ஓடும் அந்த மரப்பலகைத் திண்ணையை 'எங்காவா' என்பார்கள்.) இரவில் பள்ளி மைதானத்திலோ கோயில் முற்றத்திலோ உயரமான மேடை கட்டி, அதைச் சுற்றி வட்டமாக ஆடுவார்கள். கும்மி ஆடத் தெரிந்த பெண்ணுக்கு அந்த அடி பிடிபட ஐந்து நிமிடம் போதும். யாரும் அழைக்க வேண்டியதில்லை, வட்டத்தில் ஓர் இடைவெளி கண்டு உள்ளே நுழைந்துவிடலாம்.

மற்ற நாள்களின் ஓய்வும் ஊரின் நேரத்தோடு ஒட்டி நடப்பதில்தான் கிடைக்கிறது. கோடையில் ஐந்து மணிக்கே நன்றாக விடிந்துவிடும். விவசாயிகள் வயலிலும் தோட்டத்திலும் வேலையை முற்பகலுக்குள் முடித்துக்கொண்டு, வெயில் உச்சியில் வீட்டுக்குள் படுத்துவிடுவார்கள். காலை 6.30 மணிக்கு வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பாகும். 1928இல் தொடங்கிய அந்தப் பயிற்சிக்கு விடுமுறைக் காலத்துக் குழந்தைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, முடிந்ததும் அதில் முத்திரை வாங்கிச் செல்வார்கள். உங்கள் மகள் அங்கே போய் நான்கு நாள் கையைக் காலை நீட்டி மடக்கினால் போதும். ஊரில் பாதிப் பேர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்ற உங்கள் கவலை அங்கேதான் தீரும்.

பிறகு காய்கறி. ஜூலை, ஆகஸ்டில் யாருடைய தோட்டத்திலும் வெள்ளரியும் கத்தரியும் தக்காளியும் தேவைக்கு மேல் காய்க்கின்றன. செய்தித்தாளில் சுற்றி, சொல்லாமல் கொள்ளாமல் நம் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். சில நாள் வைத்தவர் யார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு தெரு நடக்க வேண்டியிருக்கும். சாலையோரத்தில் ஆளில்லாத சிறு கொட்டகைகளில் காய்கள் பை பையாக இருக்கும். 100 யென் நாணயத்தைத் தகர டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். வெண்டைக்காய்க்கு அங்கே 'ஓகுரா' என்று பெயர். அதை லேசாக வேகவைத்து வழவழப்போடு அப்படியே சாப்பிடுவார்கள். என் வீட்டில் எண்ணெயில் சுருள வதக்கிய வெண்டைக்காய்ப் பொரியலைச் சாப்பிட்ட பாட்டி, இது அதே காய்தானா என்று இரண்டு முறை கேட்டார்.

ஒரே ஒரு நாள் வெளியே போக விரும்பினால், ஆகஸ்ட் 15ஆம் தேதி அதே மாகாணத்தில் சுவா ஏரியின்மேல் நடக்கும் வாணவேடிக்கைக்குப் போகச் சொல்லுங்கள். கூட்டம் மிகுதி என்பதால் திரும்பும் வழியை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

கேள்வி: நகானோ மலைப்பகுதி என்பதால் ஏற்காடு போலக் குளுகுளு என்று இருக்குமா? குளிர்சாதனம் இல்லாமல் சமாளிக்கலாமா?
– ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும் என்பதால்தான் சேலம் கொதிக்கும்போதும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தவுடன் நமக்கு நிம்மதியாக மூச்சுவிட முடிகிறது. நகானோவின் கிராமங்கள் பலவும் இதில் பாதி உயரத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழை. அது விட்டவுடன் பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், இரவில் மட்டும் நன்றாகக் குளிரும். சமவெளியில் நிலைமை கடுமை: 2018 ஜூலை 23 அன்று டோக்கியோவுக்கு அருகிலுள்ள குமாகயாவில் 41.1 டிகிரி பதிவானது. சேலத்துக்காரர்கள் வெயிலுக்குப் பழகியவர்கள்தான் என்றாலும் அங்குள்ள ஈரப்பதம் நம்மை ஏமாற்றிவிடும், வியர்வை உலராது. 2021 முதல் நாடு முழுவதும் வெப்பத்தாக்கு எச்சரிக்கை விடுக்கிறார்கள். அந்த நாள்களில் குளிர்சாதனத்தைத் தயங்காமல் போட வேண்டும்.

மற்ற நாள்களுக்கு ஊரார் வழி இருக்கிறது. வறுத்த வாற்கோதுமையைக் கொதிக்கவைத்து ஆறவைத்த 'முகிச்சா' என்னும் நீரை நாள் முழுவதும் குடிக்கிறார்கள். வெயில் தாழ்ந்ததும் வாசலில் தண்ணீர் தெளிக்கிறார்கள். நம் வீடுகளில் வாசல் தெளிப்பதைப் போன்றதே இதுவும். நீர் ஆவியாகும்போது தரையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால், திண்ணையில் உட்காரும் அளவுக்கு அந்த இடம் ஆறிவிடும்.

கேள்வி: ஜப்பானில் இருக்கும் பேத்திக்குச் சேலத்து மல்கோவா மாம்பழம் கொடுத்தனுப்பலாமா?
– ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: முடியாது, அம்மா. பழ ஈ பரவிவிடும் என்ற அச்சத்தால் நம் நாட்டு மாம்பழத்துக்கு ஜப்பான் நெடுங்காலம் தடை விதித்திருந்தது. 2006இல் தளர்த்தியபோதும், நீராவி வெப்பத்தில் பதப்படுத்திய குறிப்பிட்ட சில வகைகள் மட்டும் வணிக முறையில் போக அனுமதி கிடைத்தது. பையில் எடுத்துச் செல்லும் பழத்தை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஏற்காட்டில் வறுத்து அரைத்த காப்பித்தூளைக் கொடுத்தனுப்புங்கள். அரைக் கிலோ கூடுதலாகவே வையுங்கள். வாசலில் காய்கறி வைத்துவிட்டுப் போனவர்களுக்குப் பேத்தியும் ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டுமல்லவா?