ஃபின் ஃபேனுக்குப் பைப் போடுமுன்: கேள்வி பதில்

காற்றால் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை ஆலையில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஃபின் ஃபேன்தான். அதன் பைப் லேஅவுட் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. மெயின்டனன்ஸில் சில வருஷம் இருந்துவிட்டுப் பைப்பிங் டிசைனுக்கு வந்தவன் நான். அதனால் ஸ்பேனர் பிடிப்பவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே பேசுவேன்.

கேள்வி: சார், நான் டிசைனுக்குப் புதிது. ஃபின் ஃபேனை, பைப்புகளைத் தாங்கும் பைப் ரேக்கின் தலையில் ஏற்றுகிறார்களே, தரையில் வைத்தால் பராமரிப்பு சுலபம் இல்லையா?

சுலபம்தான், இடம் யார் கொடுப்பது? ரேக்கின் மேல்தளம் எப்படியும் காலி, கீழிருந்து காற்றும் வரும். 9 மீட்டர், 12 மீட்டர் நீள ட்யூபுகள் ரேக்கின் குறுக்கே கிடக்கும். ஆனால் அங்கிருந்து ஒரு பண்டில், அதாவது ட்யூபுகளின் கட்டு, கீழே வர கிரேன் வேண்டும். கிரேன் எந்தப் பக்கம் நிற்கும், பண்டிலை எங்கே இறக்கி வைக்கும் என்று பிளாட் பிளானிலேயே (ஆலையின் இட வரைபடத்திலேயே) குறித்துவிடுங்கள். இல்லையென்றால் பிறகு அந்த இடத்தில் ஒரு பம்ப் ஷெட் முளைத்துவிடும்.

கேள்வி: எல்லாப் பண்டில்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பொதுப் பைப்பை, இன்லெட் மேனிஃபோல்டை, பண்டில்களின் வாய்களான நாசில்களுக்கு நேர் மேலே ஓட்டியிருக்கிறேன். ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் (சூட்டையும் எடையையும் பைப் தாங்குமா என்ற கணக்கு) பாஸ். மெயின்டனன்ஸ் டீம் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அவர்கள் சொல்வதுதான் சரி, தம்பி. பண்டில் மேல்நோக்கித்தான் வெளியே வரும். அதன் தலைக்கு மேல் மேனிஃபோல்ட் படுத்திருந்தால் எப்படித் தூக்குவது? வளைகுடாவில் ஒரு ஷட்டவுனில் இதை நேரில் பட்டேன். ஒழுகியது ஒரே ஒரு பண்டில். மேனிஃபோல்ட் எட்டுப் பண்டில்களுக்கும் பொதுவாக மேலே ஓடியது, நடுவில் கழற்ற ஒரு ஃபிளாஞ்ச்கூட (போல்ட் போட்ட இணைப்பு) இல்லை. வெட்டினோம். அப்புறம் ஹாட் ஒர்க் பெர்மிட் (தீப்பொறி வேலைக்கு அனுமதி), திரும்ப வெல்டிங், எக்ஸ்ரே, டெஸ்ட். பண்டிலைத் தூக்க ஆன நேரம் அரைநாள்கூட இல்லை, மீதியெல்லாம் பைப் வேலை.

மேனிஃபோல்டை வெளிப்பக்கமாகத் தள்ளி, பிளாட்ஃபார்மில் நடப்பவர் தலையில் இடிக்காத உயரத்தில் கொண்டுபோங்கள். அங்கிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் இரண்டு முனையிலும் ஃபிளாஞ்ச் வைத்த சின்ன ஸ்பூல், அதாவது கழற்றக்கூடிய பைப் துண்டு. ஸ்பூலைக் கழற்றிய பிறகும் மேனிஃபோல்ட் தன் சப்போர்ட்டிலேயே நிற்க வேண்டும், நாசிலை நம்பித் தொங்கக் கூடாது. தள்ளி வைத்தால் ஸ்ட்ரெஸ் கணக்கு மாறும், மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றுக்கும் இப்படிக் கழற்றுவதற்கான பிரேக் ஃபிளாஞ்ச் போட்டுவிடலாமா?

கூடாது. கனமான எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்து உடைக்கும் ஹைட்ரோகிராக்கரில் ரியாக்டருக்கு அடுத்து வரும் ஃபின் ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஹைட்ரஜன், உயர் அழுத்தம், கூடவே அம்மோனியம் உப்புகள். ஓட்டம் ஒரு பண்டிலில் கூடி இன்னொன்றில் குறைந்தால் ஒரு இடத்தில் அரிப்பு, இன்னொரு இடத்தில் அடைப்பு. அதனால் பைப் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, சமச்சீராகப் பிரிய வேண்டும். அங்கே வசதிக்காக ஒரு கிளையை நீட்டுவதோ வளைப்பதோ கூடாது. ஒவ்வொரு ஃபிளாஞ்சும் ஒழுக வாய்ப்புள்ள இடம் என்பதால் அதையும் எண்ணித்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, ட்யூப் முனைகள் சேரும் பெட்டியான பிளக் ஹெட்டருக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும்?

ஒரே எண் சொல்ல மாட்டேன், வேலையைச் சொல்கிறேன். ஒவ்வொரு ட்யூபுக்கும் நேர் எதிரே ஒரு பிளக். அதைக் கழற்றினால்தான் ட்யூபைச் சுத்தம் செய்யவோ, ஹெட்டரில் இறுகும்படி மறுபடி விரித்து எக்ஸ்பாண்ட் பண்ணவோ, ஒழுகும் ட்யூபை அடைக்கவோ முடியும். ரென்ச்சின் கைப்பிடி முழுதாகச் சுற்ற வேண்டும், சுத்தம் செய்யும் நீளக் குழாயான லான்ஸ் நேராக நுழைய வேண்டும். அதற்கு நேர் எதிரே உள்ள ஹேண்ட்ரெயில் கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. பிளக் வரிசையின் முன்னால் ட்ரெயின் லைன், கேபிள் ட்ரே, வால்வு ஹேண்ட்வீல் எதுவும் வேண்டாம். நாசிலே இல்லாத ரிட்டர்ன் பக்கத்திலும் பிளக் உண்டு, அங்கேயும் பிளாட்ஃபார்ம் வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

கேள்வி: ஃபின் ஃபேனுக்கான ஸ்டாண்டர்ட் ஏபிஐ 661, பண்டில் பக்கவாட்டில் நகர இடம் கேட்கிறதே, அது பராமரிப்புக்கா?

இல்லை, பைப் சூடாகி நீளும்போது பண்டில் கூடவே நகர்வதற்கு. குறைந்தது இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர், இல்லையென்றால் ஒரே பக்கம் 12. ஸ்ட்ரெஸ் கணக்கு இதை நம்பியிருக்கும். லாரியில் வரும்போது இறுக்கிய போல்ட்டை சைட்டில் கழற்ற மறந்தால் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும். முதல் ஸ்டார்ட்டப்புக்கு முன் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள்.

கேள்வி: ஃபேன் மேலே இருப்பது நல்லதா, கீழே இருப்பதா?

ரிப்பேருக்கு மட்டும் என்றால் கீழே. மோட்டார் கைக்கு எட்டும், பண்டிலும் தடையில்லாமல் மேலே வரும். ஃபேன் மேலே இருந்தால் பெரும்பாலும் அதையும் பிளீனத்தையும் (பண்டிலுக்கும் ஃபேனுக்கும் நடுவே உள்ள காற்றுப் பெட்டி) இறக்கிய பிறகுதான் பண்டிலைத் தொடலாம். ஆனால் சூடான காற்று திரும்ப உள்ளே சுற்றுவது மேலே இருந்தால் குறைவு, பிராசஸ்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஃபேன் கீழே என்று முடிவானால், மோட்டாரை இறக்கும் வழியில் உங்கள் பைப் எதுவும் குறுக்கே ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.