மாதம் ஒரு பதினொரு நொடி: அனிமேஷன் பழகும் மகளின் பெற்றோருக்கு

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். மகள் கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாதாமாதம் இணையத்தில் ஏதோ 11 நொடி அனிமேஷன் போட்டி என்று இரவு ஒரு மணி வரை லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பரிசுப் பணம் கிடையாது. போன மாதம் 140-வது இடம். பட்டப்படிப்பை விட்டுவிட்டு பெங்களூரில் அனிமேஷன் கோர்ஸ் சேரட்டுமா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: பட்டப்படிப்பை விட வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டியை விட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 140-வது இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள்.

முதலில் அந்தப் போட்டி என்னவென்று பார்ப்போம். மாதத் தொடக்கத்தில் ஒரு சிறு உரையாடல் ஒலித்துண்டு தருவார்கள். பத்துப் பதினொரு நொடிதான் இருக்கும். அந்தக் குரலுக்கு ஒரு கதாபாத்திரத்தை நடிக்கவைத்து மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படம் கணக்கில் 11 நொடிக்கு 264 ஃபிரேம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் திரைப்படத் தரத்தில் வேலை செய்யும் ஓர் அனிமேட்டர் ஒரு வாரத்தில் முடிப்பதே சில நொடிகள்தான். கல்லூரிக்கும் போய்க்கொண்டு தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மாதத்துக்கு 60 மணி நேரம் கிடைக்கும். அதற்குள் 11 நொடியை முழுதாக முடிப்பதே ஒரு தேர்ச்சி.

இத்துறையில் பழகுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது திறமைக் குறைவால் அல்ல, எதையும் முடிக்காததால். ஹார்ட் டிஸ்க் நிறைய பாதி ஷாட்கள் கிடக்கும். கெடு இருப்பதால் முடிக்கிற பழக்கம் வருகிறது, அதுதான் போட்டி தரும் முதல் லாபம். மதிப்பெண் போடுவது பெரும்பாலும் சக போட்டியாளர்கள். அழகான லைட்டிங், சிரிப்பு வரவழைக்கும் யோசனை, பார்க்கப் புதிதான கதாபாத்திரம் எல்லாமே அதில் சேர்ந்துவிடும். அதனால் ரேங்க் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். நடிப்பு வளர்ந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

இனி மகளுக்கு நேரடியாக. அப்பா அம்மாவும் கூடவே படிக்கலாம்.

குதிக்கும் பந்து, வால் கட்டிய பந்து, ஒவ்வொரு காலடிக்கும் 12 ஃபிரேம் வைத்து ஒரு நடை, கனமான பெட்டி ஒன்றைத் தூக்கி வைப்பது. இந்த நான்கு அடிப்படைப் பயிற்சிகளையும் செய்யாமல் உரையாடல் ஷாட்டுக்குப் போயிருந்தால், இரண்டு மாதம் போட்டிக்கு அனுப்பாமல் இவற்றை முடித்துவிட்டு வா. இடுப்பில் எடை தெரியாத பாத்திரம் எவ்வளவு அழகாக வாயசைத்தாலும் பலூன்போல மிதக்கும். எடைக்கு ரெஃபரன்ஸ் தேடி எங்கேயும் போக வேண்டாம். மாங்காய் சீசனில் மண்டியில் கிரேட் தூக்குகிறவரையும், பாலக்கோடு சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்குகிறவரையும் அனுமதி கேட்டு போனில் எடு. கை பெட்டியைத் தொட்ட பிறகும் பெட்டி உடனே எழும்பாது. இடுப்பு இறங்கும், முதுகு இறுகும், தோள் கீழே இழுபடும், அதன் பிறகே பெட்டி தரையை விடும். அந்த இடைவெளி எத்தனை ஃபிரேம் என்று எண்ணிப் பார். வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டும்போது பார்த்தால் இன்னொன்று புரியும். களி இறுக இறுக வேலை மணிக்கட்டிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து இடுப்புக்கும் மாறுகிறது. முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் உடம்பு ஒன்றாக இருக்காது.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம். பிளெண்டர் ஸ்டுடியோ தரும் ரெயின், ஸ்னோ என்ற இரண்டு ரிக்குகளும் (அசைக்கத் தயாரான கதாபாத்திர உருவங்கள்) இலவசம், உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். மாயா என்ற மென்பொருள் வேண்டுமென்றால் தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் கல்வி உரிமம் தருகிறது, ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியில் ரிக் திணறினால், ரெண்டர் அமைப்பில் 'சிம்ப்ளிஃபை' என்பதை ஆன் செய்து வியூபோர்ட் சப்டிவிஷனை 0 ஆக்கு. முப்பரிமாண அனிமேஷனுக்கு வரைபலகை கட்டாயமில்லை.

ஒலித்துண்டு வந்தவுடன் சாவி போட, அதாவது எந்த ஃபிரேமில் எந்த போஸ் என்று கணினியில் பதிய, உட்காராதே. முதல் இரண்டு நாள் கேட்பது மட்டும்தான். பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்கும். வார்த்தையை மொழிபெயர்த்தால் போதாது, பேசுகிறவள் ஏன் இதை இப்போது சொல்கிறாள் என்பதைத் தமிழில் ஒரே வரியில் எழுது. 'கோபம்' என்று எழுதினால் பயன் இல்லை. 'அழுகையை மறைக்க அதட்டுகிறாள்' என்று எழுதினால் உடம்பு தானாக வரும். பிறகு ஒரு தாளில் எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே மூச்சு இழுக்கிறாள், எங்கே மௌனம் என்று ஃபிரேம் எண்ணோடு குறி. நடிப்பு ஒளிந்திருப்பது அந்த மூச்சிலும் மௌனத்திலும்தான். முதலில் தோன்றும் யோசனை அந்த மாதம் இன்னும் பலருக்கும் தோன்றியிருக்கும், அதனால் மூன்றாவதையாவது எடு.

அடுத்து ரெஃபரன்ஸ் வீடியோ. உன்னையே 15, 20 முறை நடித்து எடு. கடைசி ஐந்தில்தான் வெட்கம் விலகும். இங்கே பலருக்கும் வரும் ஒரு கோளாறு உண்டு. போன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், அதுவும் சீராக இருக்காது. அதை அப்படியே 24 ஃபிரேம் காட்சியில் வைத்தால் 11 நொடி 330 ஃபிரேமாக நீண்டு, ஒலியும் படமும் பிரிந்துவிடும். தன் டைமிங் தவறு என்று நினைத்து ஒரு வாரம் வீணடிப்பவர்கள் உண்டு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 24, மாறா வேகம் என்று வைத்து மாற்றிய பிறகே உள்ளே கொண்டு வா. பிளெண்டரில் பிளேபேக்கை 'சிங்க் டு ஆடியோ' என்று மாற்று, ஆடியோ ஸ்க்ரப்பிங்கையும் ஆன் செய். இல்லையென்றால் கணினி மெதுவாக ஓடும்போதெல்லாம் வாய் தவறிய மாதிரியே தெரியும்.

மாதத்தின் பெரும்பகுதி பிளாக்கிங்குக்கு, அதாவது போஸ்களை வரிசையாக அமைப்பதற்கு, போக வேண்டும். கான்ஸ்டன்ட் முறையில், அதாவது ஒரு போஸிலிருந்து அடுத்ததற்கு நேராகத் தாவும்படி வைத்து, முக்கியமான நான்கைந்து போஸ்களை முதலில் முடி. ஒவ்வொரு போஸிலும் உடம்பின் எல்லாக் கட்டுப்பாட்டுக்கும் சாவி இருக்கட்டும். கைக்கு மட்டும் போட்டு இடுப்பை விட்டுவிட்டால் பின்னால் எது எங்கே நகர்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இடைப் போஸ்களும் சேர்ந்து 25, 30 வரும்வரை அடுத்த கட்டத்துக்கு நகராதே. உருவத்தை முழுக்கக் கறுப்பாக்கிப் பார், நிழலிலேயே என்ன செய்கிறாள் என்று தெரிய வேண்டும். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கை நீட்டினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரிகிறதே, கை உடம்போடு ஒட்டாமல் வெளியே நிற்பதால்தான் அது. இரண்டு கையும் ஒரே போஸில் ஒரே ஃபிரேமில் வந்து நின்றால் பொம்மை மாதிரி தெரியும். ஒன்றை இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி வை. வார்த்தைக்கு வார்த்தை சைகை வைப்பது இன்னொரு தொடக்கத் தவறு. ஓர் எண்ணத்துக்கு ஒரு சைகை போதும். கை மேசையிலோ சுவரிலோ ஊன்றியிருந்தால் ஐகே (கை நுனியை வைத்தால் முழங்கை தானாகப் பின்தொடரும் முறை), காற்றில் வீசினால் எஃப்கே (தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் திருப்பும் முறை). இதை ஷாட் தொடங்கும் முன்பே முடிவுசெய். நடுவில் மாற்றினால் மணிக்கணக்கில் வேலை பிடிக்கும்.

பிளாக்கிங் கச்சிதமாக இருந்த ஷாட், ஸ்ப்லைனுக்கு, அதாவது போஸ்களுக்கு இடையைக் கணினியே நிரப்பும் முறைக்கு, மாற்றியவுடன் தண்ணீருக்குள் நடப்பதுபோல ஆகிவிட்டது என்று ஏறக்குறைய எல்லோரும் புலம்புவார்கள். காரணம் எளிது. கான்ஸ்டன்ட் முறையில் போஸ் தானாக நின்றது. ஸ்ப்லைனில் கணினி அந்த நிறுத்தத்தை எல்லாம் நிரவி, ஒரு போஸிலிருந்து அடுத்ததற்குச் சீராக ஊற்றிவிடுகிறது. எந்த போஸ் நிற்க வேண்டுமோ அதன் முடிவில் அதே போஸை நகலெடுத்து வை, அப்போதுதான் நகர்வு கடைசிச் சில ஃபிரேம்களுக்குள் நடக்கும். பிறகு அந்த நகலை மிக லேசாக மாற்று, இல்லையென்றால் உடம்பு உறைந்துவிடும். கிராஃப் எடிட்டரில் ஹேண்டில்களை 'ஆட்டோ கிளாம்ப்டு' ஆக்கினால் வளைவு அளவு தாண்டித் தெறிப்பது அடங்கும். ஆட்டோ கீ ஆனில் இருப்பதை மறந்து, பார்ப்பதற்காக நகர்த்திய தலை அப்படியே பதிவாகிவிடுவதும் நடக்கும். அதனால் தினமும் புது எண்ணோடு வேறு கோப்பாகச் சேமி. கரண்ட் போகும் ஊரில் இது இரட்டிப்பு அவசியம்.

வேலையின் வரிசையும் முக்கியம். இடுப்பு, மார்பு, தலை, பிறகு கண், அதன் பிறகே வாய். கண் தலைக்கு இரண்டு முதல் நான்கு ஃபிரேம் முன்னால் திரும்பினால், யோசித்துத் திரும்புகிறாள் என்று தோன்றும். இமைப்பு 6 முதல் 8 ஃபிரேம், மூடுவது வேகம், திறப்பது சற்று மெதுவாக. எண்ணம் மாறும் இடத்தில் வை, சலிப்புக்கு வைக்காதே.

வாயசைப்பில் எழுத்துக்கு எழுத்து வடிவம் கொடுத்தால் வாய் படபடக்கும். முகவாய்க்கட்டைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு 'போய்ட்டு வந்துர்றேன்' என்று வேகமாகச் சொல்லிப் பார். எழுத்து எத்தனையோ இருந்தும், தாடை நன்றாக இறங்குவது போ, வ, றே என்ற மூன்று இடத்தில்தான். முதலில் தாடையை மட்டும் அசைத்து முடி. பிறகு வாயோரம் அகலுவதும் குவிவதும், கடைசியில் உதடும் நாக்கும். ப, ம வரும் இடத்தில் உதடு குறைந்தது இரண்டு ஃபிரேமாவது மூடியிருக்க வேண்டும், ஒரே ஃபிரேம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. வடிவம் ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வருவது நல்லது.

மாதம் முடிந்து ரேங்க் வந்த அன்று பலரும் அந்த ஃபைலை மூடிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். கருத்துகளைப் படித்து, இரண்டு மூன்று பேர் திரும்பத் திரும்பச் சொல்லும் குறைகளில் இரண்டை மட்டும் எடுத்து, எட்டுப் பத்து மணி நேரம் அந்த ஷாட்டைத் திருத்து. கெடுவின் அவசரத்தில் கண்ணில் படாதது அப்போது தெரியும். இதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டியில் சேராமல் இருந்தாலும் நட்டமில்லை. ஆண்டுக்கு 12 அவசர ஷாட்டைவிட, எட்டு ஷாட்டும் அவற்றில் மூன்றின் நல்ல திருத்தமும் பெரிது.

பெற்றோரே, தொழில்நுட்பம் தெரியாமலே நீங்கள் சோதிக்கலாம். ஒலியை நிறுத்திவிட்டு ஷாட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பாத்திரம் என்ன மனநிலையில் இருக்கிறது என்று உங்களுக்குப் பிடிபடுகிறதா? பாதம் தரையில் வழுக்குகிறதா? பிடிபட்டதையும் படாததையும் அப்படியே சொல்லுங்கள், 'நல்லாருக்கும்மா' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் பார்வையாளரின் குழப்பம் அவளுக்கு மதிப்பான தகவல். இரவு ஒரு மணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். களைத்த கண்ணுக்கு எந்த டைமிங்கும் சரியாகவே தெரியும், காலையில் அதையே அழித்துப் போடுவாள்.

பெங்களூர் விஷயம். ஓசூரைத் தாண்டினால் நாற்பது கிலோமீட்டர், ஸ்டுடியோக்களும் வீடியோ கேம் நிறுவனங்களும் அங்கே இருப்பது உண்மை. வேலை நிலையற்றது என்பதும் உண்மை. 2025 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் பெருநிறுவனமான டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியில் சரிந்தபோது பெங்களூரில் இருந்த அதன் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. அனுபவசாலிகளே வேலை தேடி அலைய நேர்ந்தது. பட்டம் கையில் இருக்கட்டும் என்பது அதற்காகத்தான். இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாண்டுப் பட்டத்தின் இறுதியாண்டில் ஐஐடி போன்ற நிறுவனங்களின் எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் படிப்புகளுக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வை எழுதலாம். அகமதாபாத் என்ஐடிக்கு (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) தனித் தேர்வு இருக்கிறது. பிளஸ் டூவில் தம்பி தங்கை இருந்தால், சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் நான்காண்டு இளநிலைப் பட்டமாகவே உண்டு.

தனியார் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் 'நூறு சதவீதம் வேலை' என்ற வார்த்தையை ஒதுக்கிவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். பாடம் நடத்துபவர் கதாபாத்திர அனிமேஷனில் வேலை செய்தவரா, அவருடைய ஷாட்களைப் பார்க்கலாமா? போன ஆண்டு முடித்த மாணவர்களின் ஷோரீல், அதாவது சிறந்த ஷாட்களின் தொகுப்பு வீடியோ, எங்கே? ஒரு மாணவரின் ஷாட்டுக்கு வாரத்துக்கு எத்தனை முறை திருத்தம் சொல்வீர்கள்? மூன்றாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே என்பதை இலவசமாகவே கற்கலாம், நீங்கள் பணம் கொடுப்பது அந்தத் திருத்தத்துக்குத்தான்.

பட்டம் முடியும்போது அவள் கையில் ஒரு ஷோரீல் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள், மூன்று முதல் ஐந்து ஷாட், சிறந்தது முதலில். மூன்றுதான் நன்றாக இருக்கிறது என்றால் மூன்றோடு நிறுத்தட்டும், சுமாரான நான்காவது மற்ற மூன்றையும் கீழே இழுக்கும். அதில் ஒரு ஷாட் பேச்சே இல்லாததாக, உடம்பின் எடை தெரிவதாக இருக்கட்டும். ரிக் இன்னாருடையது, அனிமேஷன் என்னுடையது என்று அடியில் எழுதட்டும். போட்டி ஒலித்துண்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. அதே குரலை நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தியிருப்பார்கள், ஆள் எடுப்பவரும் கேட்டுச் சலித்திருப்பார். ஆகவே ரீலின் முதல் ஷாட்டுக்கு மட்டும் வேறு குரல் தேடச் சொல்லுங்கள். தோழியைப் பேசவைத்து, அமைதியான அறையில் போர்வைக்குள் போனை வைத்துப் பதிந்த பத்து நொடித் தமிழ்ப் பேச்சாக இருந்தாலும் சரி.